விழுந்த இடத்தில் அணையாத பீடி

மதுரையில் மாசி முடிவதற்குள்ளேயே வெயில் தாங்க முடியவில்லை. ஐந்து நாள் லீவு கிடைத்ததும் குமரி மாவட்டம் போய் ஆறு, அருவி, காடு என்று கண்குளிரப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். பார்த்தது வேறு. அன்றன்றைக்கு நோட்டில் குறித்ததை நாள்வாரியாகப் போடுகிறேன்.

மார்ச் 8, ஞாயிறு: ஆரல்வாய்மொழி

திருநெல்வேலியிலிருந்து வரும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய் வந்ததும் காற்று முகத்தில் அறையும். சின்ன வயதில் அதற்காகவே ஜன்னலோர சீட்டுக்குத் தம்பியோடு சண்டை போடுவேன். இந்தத் தடவையும் காற்று அடித்தது. குளிர்ச்சிதான் இல்லை. அனலும், அதோடு கரிந்த புல் வாடையும் வந்தன. கொஞ்ச தூரம் போனதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் பத்துப் பதினைந்து வண்டிகள். மலையடிவாரத்தில் புகை.

இறங்கிப் பார்த்தோம். தீ முழங்கால் உயரம்தான் இருக்கும். ஆனால் அது ஓடிய வேகம்! காய்ந்த புல்லில் சரசரவென்று போகும், ஒரு முட்புதர் அகப்பட்டால் ஆள் உயரத்துக்கு எழும்பும், மறுபடி தணிந்து புல்லுக்குள் புகுந்து ஓடும். மூன்று பேர் பச்சைக் கிளைகளை ஒடித்து வைத்துக்கொண்டு தீயின் ஓரத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். நேராக ஓங்கி அடித்தால் பொறி பறந்துவிடுமாம். ஏற்கெனவே எரிந்து கறுத்த பக்கத்துக்குத் தீயைத் தள்ளுவதுபோல் சாய்த்துச் சாய்த்து அடித்தார்கள். எங்கள் கண்டக்டர் பஸ்ஸில் இருந்த தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கல்லூரிப் பையன்கள் நாலு பேர், யாரும் சொல்லாமலே வேப்பங்கிளை ஒடித்துக்கொண்டு போனார்கள். அணைத்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது.

அடித்தவர்களில் ஒருவர் எங்கள் பஸ்ஸிலேயே ஏறி என் பக்கத்தில் நின்றார். புருவம் பாதி கருகியிருந்தது. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்துவிட்டு மிச்சத்தைத் துண்டில் ஊற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிப்ரவரியில் தொடங்கி நல்ல மழை விழும்வரை தீக்காவல் வேலை, தினக்கூலி.

"எப்படி அண்ணாச்சி பிடிச்சது?"

"பீடியா இருக்கும். இல்லன்னா புதுப்புல்லு முளைக்கட்டும்னு ஆட்டுக்காரன் எவனாவது வச்சிருப்பான்." கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். அப்புறம் அவராகவே சொன்னார். "எங்கப்பா காலத்துலயும் பீடி குடிச்சாவ, ஆடு மேச்சாவ. போட்ட பீடி விழுந்த எடத்துலயே அணைஞ்சிரும். இப்ப அணைய மாட்டேங்குது."

அவர் சட்டை மடிப்பில் ஒரு சருகு ஒட்டியிருந்தது. அதை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். பொடிப்பொடியாகிக் காற்றில் பறந்தது. "நொறுங்கினா எரியும். வளைஞ்சா எரியாது. அவ்வளவுதான் கணக்கு."

அவருடைய போனில் தீ எச்சரிக்கைக் குறுஞ்செய்திகள் வரிசையாக இருந்தன. செயற்கைக்கோள் வெப்பத்தைக் கண்டுபிடித்து, இந்திய வன ஆய்வு நிறுவனம் வழியாகத் தகவல் வருகிறது. ஆனால் ஒரு செயற்கைக்கோள் ஓர் இடத்தைக் கடப்பது நாளுக்கு ஓரிரு முறைதான், அதற்குள் புல்தீ ஒரு சரிவையே முடித்துவிடும் என்றார். இன்றைய தீயை முதலில் பார்த்தது ஒரு நொங்கு வியாபாரி.

நாகர்கோவில் வந்து சேர்ந்தால் மூன்று லாட்ஜில் இடமில்லை. மண்டைக்காட்டம்மன் கோயில் கொடைத் திருவிழா நடக்கும் சமயம் என்பதை யோசிக்காமல் வந்துவிட்டேன். நாலாவது இடத்தில் 1,400 ரூபாய்க்கு ஓர் அறை. ஏசி ஓடவில்லை. கீழே கடையில் இரண்டு ரசவடை, ஒரு டீ, 35 ரூபாய். ரசவடை நன்றாக ஊறியிருந்தது. தலைமுடியில் புகை வாடை, குளித்த பிறகும் போகவில்லை.

மார்ச் 9, திங்கள்: மருந்துவாழ்மலை

விடிவதற்கு முன் பொற்றையடியிலிருந்து ஏறத் தொடங்கினேன். அனுமன் தூக்கிவந்த சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு இது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. பின்னால் வந்த பெரியவர் ஒருவர் தன் பையிலிருந்த சணலை எடுத்துக் கட்டிக்கொடுத்தார். எழுபது வயது தாண்டியவர், தினமும் ஏறுகிறாராம். என்னைவிட வேகமாக ஏறினார், ஆனால் எனக்காக ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார்.

மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் தென்னையும் வயலும் குளங்களும், அதற்கப்பால் கடல். திரும்பி வடக்கே பார்த்தால் காற்றாலைகள், பழுப்பு நிறப் பொட்டல். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இங்கே தண்ணீர்க் கவலை இருக்காது என்று மதுரையில் இருந்துகொண்டு நான் நினைத்ததுண்டு. பெரியவர் காட்டிய சரிவில் போர்வை விரித்ததுபோல ஒரு கறுப்புத் திட்டு.

"மழை கொறைஞ்சுபோச்சா தாத்தா?"

"கொறையல்ல மக்களே. பெய்யுது, கொட்டுது. மண்ணுல நிக்கல்ல."

2021 நவம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததையும், 2023 டிசம்பரில் தென் மாவட்டங்கள் மிதந்ததையும் சொன்னார். அந்த மழையில் புல் இடுப்புயரம் வளர்ந்ததாம். பிறகு மாதக்கணக்கில் ஒரு சொட்டு இல்லை. வளர்ந்த புல் எல்லாம் விறகாகிவிட்டது. மழை அதிகம் பெய்தால் தீ குறையும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். கொட்டித் தீர்த்துவிட்டு நீண்ட இடைவெளி விட்டால், அந்த மழையே தீக்குத் தீனி வளர்த்துக் கொடுத்துவிடுகிறது.

அறைக்குத் திரும்பியதும், முன்பு படித்துக் குறித்துவைத்திருந்த கணக்கை எடுத்துப் பார்த்தேன். மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு. 1951 முதல் 2015 வரை நாட்டின் தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்திருக்கிறது. குறைவு தெளிவாகத் தெரிந்த இடங்களில் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலை. பருவமழைக் காலத்துக்குள்ளேயே மழையில்லாமல் போகும் இடைவெளிகள், 1951-80 காலத்தைவிட 1981-2011இல் 27 சதவீதம் அதிகம். மொத்த மழை குறையவில்லை என்று பெரியவர் நினைத்தாலும், மழைக்கு நடுவில் இடைவெளி நீள்கிறது என்று அவர் மலைமேல் நின்று சொன்னதும் இதுதான்.

முன்னதாக, மலையிலிருந்து இறங்கும்போது ஒரு பிடி சருகை எடுத்துக் கசக்கினேன். முழுவதும் நொறுங்கியது. அடிவாரத்தில் அக்கானி, ஒரு டம்ளர் 30 ரூபாய். நாங்கள் பதநீர் என்பதை இங்கே அக்கானி என்கிறார்கள். மட்டிப்பழம் கால் சீப்பு 40 ரூபாய். சுண்டுவிரல் நீளப் பழம், தேன்போல இருக்கிறது. மதுரைக்கு வாங்கிப்போனால் வழியிலேயே கனிந்துவிடும் என்று கடைக்காரரே தடுத்துவிட்டார்.

மார்ச் 10, செவ்வாய்: கீரிப்பாறை

கொடையின் கடைசி நாள். மாவட்டத்துக்கே விடுமுறை, கடற்கரைப் பக்கம் போகிற பஸ் எல்லாம் நெரிசல். கேரளத்திலிருந்து இருமுடி கட்டிவந்த பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். கீரிப்பாறை பஸ்ஸில் ஒன்பது பேர்தான்.

காளிகேசத்தில் ஆற்றுத் தண்ணீரில் காலை வைக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் முக்கிய ஆசையே. செக்போஸ்ட்டில் மறித்துவிட்டார்கள். தீக்காலம், உள்ளே யாருக்கும் அனுமதி இல்லை. முன்கூட்டியே விசாரிக்காமல் வந்தது என் தவறு. திரும்பும் பஸ்ஸுக்கு இரண்டேகால் மணி நேரம் இருந்தது.

வெயிலில் நின்ற என்னைப் பார்த்து, பக்கத்து வீட்டு அக்கா, "வெள்ளம் குடிக்கியளா?" என்றார். எனக்குத் திக்கென்றது. இங்கே குடிக்கிற தண்ணீரே வெள்ளம்தான். சொம்பு நிறையச் சுக்குத் தட்டிப்போட்ட சீரக வெள்ளம் கொடுத்தார். ரேஷன் கார்டில் இருக்கிற பெயர் முதல் எனக்குக் குழந்தைகள் எத்தனை என்பதுவரை விசாரித்தார், பிறகு தன் வீட்டுத் திண்ணையிலேயே உட்காரச் சொன்னார்.

எதிர் டீக்கடையில் தீயைப் பற்றித்தான் பேச்சு. "தீ தானா பிடிக்குமா? மனுசன் வச்சாத்தான் பிடிக்கும். அவனைப் பிடிச்சு உள்ள போட்டா தீரும்" என்றார் கடைக்காரர். எஸ்டேட்டில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர்போல் இருந்த இன்னொருவர், "உள்ளதுதான்" என்று தலையாட்டினார்.

அவர் சொன்னதில் முதல் பாதி சரி. நம் நாட்டில் காட்டுத்தீ அனேகமாக மனிதர் கையால் தொடங்குவதுதான். மின்னல் விழுந்து எரிகிற காடுகள் வேறு நாடுகளில் அதிகம். ஆனால் 'எவனோ வைத்தான்' என்றதோடு நாம் பேச்சை முடித்துவிடுகிறோம். தீக்குச்சி ஒன்றுதான். அது விழுந்த இடத்தில் அணைகிறதா, ஒரு மலையைத் தின்கிறதா என்பதைத் தீர்மானிப்பது சருகின் ஈரம். உதிர்ந்த இலைகளில், காய்ந்த எடையில் ஏறத்தாழ கால்பங்குக்கு மேல் ஈரம் இருந்தால் தீ பற்றிப் பரவுவது கடினம். அந்த ஈரம் எங்கே போகிறது?

அந்த அக்கா வீட்டுக் கொடியில் காலையில் துவைத்த துண்டு தொங்கியது. நான் உட்கார்ந்திருந்த நேரத்துக்குள் விறைத்துக் காய்ந்துவிட்டது. காட்டுக்கு நடப்பதும் அதுதான். காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். அதாவது காற்றின் தாகம் கூடும். கடல்மேல் இருந்தால் கடலிலிருந்து குடித்துக்கொள்ளும். மழை இல்லாத மலைச்சரிவில் மண்ணிலிருந்து, பச்சை இலையிலிருந்து, கடைசியில் சருகிலிருந்து உறிஞ்சும். நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரித்து எரித்து உலகத்தின் சராசரி வெப்பத்தை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருந்ததைவிட 1 டிகிரிக்கு மேல் ஏற்றிவிட்டோம். 2024ஆம் ஆண்டு மட்டும் தனியாக எடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி. பீடி போட்டவனைப் பிடிக்கலாம். காற்றின் தாகத்துக்கு யாரைப் பிடிப்பது?

இதைக் கடையில் நான் சொன்னபோது, ஓய்வு பெற்றவர் மட்டும் ஒன்று சேர்த்துச் சொன்னார். "முன்ன ராத்திரி பனி விழும். பகல்ல விட்ட தீய ராத்திரி பனி அமத்திரும். இப்ப ராத்திரியும் புழுங்குது." இரவுகளும் சூடாகிவருவதால் பல நாடுகளில் காட்டுத்தீ இரவில் ஓய்வதே குறைந்துவருகிறது என்று படித்தது நினைவு வந்தது. கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை. டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார், விருந்தாளியாம்.

மார்ச் 11, புதன்: குலசேகரம்

நேற்று இரவே தோழி போன் போட்டு, குலசேகரத்தில் இருக்கும் தன் சித்தி வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. சித்தி எனக்கும் சித்தியாகிவிட்டார். காலையில் புட்டு, பயறு, பப்படம். மதியம் அவித்து மசித்த மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும். "இன்னும் கொஞ்சம் தின்னு பிள்ளே" என்று மூன்றாவது அகப்பையும் போட்டார், மறுக்க முடியவில்லை.

இன்றைய தேதி எனக்கு மறப்பதில்லை. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயது. அன்றிரவு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நானும், யார் அனுமதித்தார்கள், யார் வைத்தார்கள் என்றுதான் கேட்டேன். புல் ஏன் அப்படிக் காய்ந்து கிடந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த ஒரு தீயில் காலநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அப்படிப்பட்ட நாட்களின் எண்ணிக்கையை நாம் கூட்டிக்கொண்டே போகிறோம்.

சித்தியின் மகள் கனடாவில், டொரன்டோ பக்கத்தில் நர்ஸ். சாயங்காலம் வீடியோவில் பேசினார். காட்டுத்தீ பற்றிப் பேச்சு வந்ததும், "அக்கா, 2023 ஜூன்ல நாங்க ஜன்னலே திறக்கல" என்றார். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கியூபெக்கில் காடு எரிந்த புகை, வானம் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் மூச்சுத்திணறலோடு வந்தவர்கள் வரிசை. அந்த ஆண்டு கனடாவில் எரிந்தது ஏறத்தாழ 1.5 கோடி ஹெக்டேர். தமிழ்நாடு முழுவதும் சேர்த்தே 1.3 கோடி ஹெக்டேர்தான் என்று நான் சொன்னதும் சித்தி, "தள்ளே!" என்று நெஞ்சில் கை வைத்தார். கியூபெக்கில் அப்படித் தீ பரவத் தோதான வானிலை அமையும் வாய்ப்பை மனிதர் ஏற்றிய வெப்பம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆக்கியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் 1984 முதல் 2015 வரை எரிந்த காட்டின் பரப்பு, புவி சூடாகாமல் இருந்திருந்தால் எரிந்திருக்கும் பரப்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

குளிர்தேசத்துக் காடே எரியும்போது நம் காடு எம்மாத்திரம் என்று சித்தி கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 12, வியாழன்: பேச்சிப்பாறை

சித்தப்பா பைக்கில் அழைத்துப்போனார். வழியெல்லாம் ரப்பர். புது இலை விட்டு வெளிர்பச்சையாக நின்றது, கீழே உதிர்ந்த இலை கணுக்கால் அளவு. இலை உதிரும் பருவத்தில் பால்வெட்டு கிடையாது. வெட்டுகிற பருவத்திலோ எதிர்பாராத மழை வந்து சிரட்டையில் பாலும் தண்ணீரும் கலந்துவிடுகிறது, வேலை நாட்கள் போய்விடுகின்றன என்றார்.

அணையில் தண்ணீர் இருந்தது, கரையோரம் செம்மண் பட்டையாகத் தெரிந்தது. திருவிதாங்கூர் காலத்தில், 1906இல் கட்டி முடித்த அணை. அன்றைக்குக் காற்றில் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 300 பங்கு, சூட்டைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு. இன்று 420ஐத் தாண்டியாகிவிட்டது.

அணைக்குப் பக்கத்து டீக்கடையில் சித்தப்பாவுக்குப் பழக்கமான காணிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர், நல்லமிளகு விற்க வந்திருந்தார். தேன் எடுக்கும்போது தீ பிடிக்காதா என்று கேட்டேன். "பந்தம் பிடிச்சு ஒருத்தன் மேல ஏறுவான். கீழ ஒருத்தன் பச்சக்குழையோட நிப்பான். விழுந்த பொறி அத்தனையும் அணைச்ச பொறவுதான் எடத்த விட்டு மாறுவோம்." எங்களோடு ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்து, காடு தொடங்குகிற ஓரத்தில் நின்றார்.

எந்தக் காலத்திலும் பச்சையாக நிற்கும் காடு அது. உள்ளே இருட்டாக, குளிர்ச்சியாக, மக்கிய இலை வாடையோடு இருந்தது. ஈரக்காடு எரியாது என்பது எல்லோருடைய நம்பிக்கை, என்னுடையதும். குனிந்து சருகை அள்ளினேன். மேல் அடுக்கு நொறுங்கியது. அதற்குக் கீழே கையை விட்டேன். அங்கே இலைகள் கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, வளைந்தன. விரலில் ஈரம் பட்டது, ஒரு வெள்ளைப் பூஞ்சை இழையும் ஒட்டிக்கொண்டது.

"அடியில ஈரம் உண்டு" என்றார் பெரியவர். "ஆனா மேல உள்ளது இந்த மாசத்துல இப்பிடிக் காயாது. நான் சின்னதுல கண்டதில்ல."

காய்ந்த மலையில் வளர்கிற வேங்கை போன்ற மரங்களுக்குத் தடித்த பட்டை, தீயைத் தாங்கித் துளிர்த்துவிடும். இந்த ஈரக்காட்டு மரங்களுக்குப் பட்டை மெல்லியது. ஒருமுறை தரையோடு தீ போனாலே அடிமரம் வெந்துபோகும். மரம் விழுந்த இடைவெளியில் வெயில் இறங்கும், உண்ணிச்செடியும் புல்லும் ஏறும், அடுத்த வருடம் அவை காயும். எரிந்த காடு கரியமில வாயுவைக் காற்றில் விட்டு இன்னும் சூட்டைக் கூட்டும். பெரியவர் வீட்டில் ஒரு சூரிய விளக்கும் ஒரு மண்ணடுப்பும்தானாம். இந்தக் காற்றைச் சூடாக்கியதில் அவர் பங்கு என்ன இருக்கும்? ஆனால் இங்கே தீ வந்தால் முதலில் எரிவது அவருடைய மிளகுக்கொடி.

சாயங்காலம் வடக்கே இடி உறுமியது. சித்தி கொடியிலிருந்த துணிகளை அவசரமாக எடுத்தார். அரைமணி நேரம் வானம் இருண்டு நின்றது, பிறகு அப்படியே வெளுத்துவிட்டது. ஒரு தூறல்கூட இல்லை. சித்தப்பா பின்பக்கமிருந்து இரண்டு வாருகோலை எடுத்துவந்து, தோட்டத்து எல்லையில் நாலடி அகலத்துக்கு ரப்பர்ச் சருகைக் கூட்டத் தொடங்கினார். நாளைக் காலையில் எனக்கு ரயில். இன்னொரு வாருகோலை நான் எடுத்துக்கொண்டேன். சருகு தள்ளிய இடத்தில் சிவப்பாக மண் தெரிந்தது. இருட்டுகிற வரைக்கும் கூட்டினோம், பாதி எல்லை முடிந்திருந்தது. உள்ளிருந்து சித்தி கஞ்சி குடிக்கக் கூப்பிட்டார்.